தண்ணீருக்கும் அதே வார்த்தை

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முட்டிவலி குறைந்ததா, இல்லை இன்னும் அந்தக் கல்தரையில் மண்டி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் பொய். மடத்துக்குப் பொய்யை அனுப்பினால் எனக்குத்தான் பாவம்.

பக்கவாதத்தில் விழுந்த உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வலது கை கொஞ்சம் அசைகிறது. கம்பைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. 'ம்' என்பார், ரொம்பப் பெரிய மனது வைத்தால் 'ம்ம்' என்பார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறதாம். வார்த்தை மட்டும் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறதாம். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, 'பொறுமையா இருங்கம்மா' என்றார். பொறுமைக்கு மாத்திரை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பஸ் நிலையத்தில் நாள் முழுக்க அந்த விசாரணை ஜன்னலின் கண்ணாடி ஓட்டை வழியாக ஊர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். மைக்கில் அறிவித்துவிட்டு நான் வாயை மூடுவதற்குள் ஒரு ஆள் வந்து, 'இப்ப மைக்குல என்ன சொன்னீங்க?' என்பான். அவனுக்கும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் நான் கேட்கிற ஒரே கேள்விக்குப் பதில் கிடையாது. தம்ளர், கரண்டி, கடிகாரம், பஸ் என்று படங்களை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். 'இது என்ன, சொல்லுங்க' என்று நீட்டுவேன். அவர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அப்புறம் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பஸ் படத்தைக்கூட அடையாளம் சொல்லாத கண்டக்டர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் என் வேலை முடிகிற நேரத்துக்கு அவர் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும். நான் வழக்கம்போல யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்பேன். அவர் படிக்கட்டில் தொங்கியபடி, 'வாயாடீ... ஏறு!' என்று கூப்பிடுவார். முதலில் ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு அதட்டல். நான் ஏறுகிற வரைக்கும் விசில் ஊத மாட்டார். பயணிகள் திட்டுவார்கள், டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவர் சொன்னதில்லை, எனக்கு அந்த வாயாடிதான் பெயர். அதை இன்னொரு முறை கேட்டால் போதும். மற்ற வார்த்தையெல்லாம் பிறகு மெதுவாக வரட்டும்.

வேறு வேலையே இல்லாமல் செபிக்கிறவர்கள் நீங்கள் இத்தனை பேர் அங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். உனக்கு மாதம் ஒரு கடிதம்தான் அனுமதி, தெரியும். எனக்கு அந்தச் சட்டம் கிடையாது.

உன்
அக்கா


பிப்ரவரி 2

என் அன்பு அக்காவுக்கு,

உன் வீட்டில் ஆண்டவருடைய அமைதி தங்கட்டும். நான் நலமாக இருக்கிறேன். முட்டி பரவாயில்லை.

அத்தானுக்காக மடத்தில் எல்லோரும் செபிக்கிறோம். மதர் சாப்பாட்டு அறையிலேயே அறிவித்துவிட்டார். நான் இப்போதும் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் சுடும் அறையில்தான் இருக்கிறேன். சுட்டெடுத்த மெல்லிய அப்பத் தகட்டை அப்படியே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈரக்காற்று உள்ள அறையில் வைத்து, அது கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் வெட்டுகத்தியை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் தூள்தான். உனக்கு இந்த வேலை சரிப்படாது.

அக்கா, நீ களைத்திருக்கிறாய். தினமும் கொஞ்ச நேரம் ஒரு நாற்காலியில் உட்கார். முதுகு நேராக இருக்கட்டும். ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள். நான் 'இயேசுவே' என்பதை வைத்திருக்கிறேன். மூச்சோடு சேர்த்து மனதுக்குள் அதை மெல்லச் சொல். நினைப்புகள் வரும். அவற்றோடு சண்டை போடாதே, அந்த வார்த்தைக்குத் திரும்பி வா. முக்கியமாக, எதையும் கேட்காதே. அத்தானுக்குக் குணமாக வேண்டும் என்றுகூடக் கேட்காதே. ஆண்டவர் முன்னால் சும்மா இரு. அது போதும்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

இறைவனில் உன்
தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள ஊமைக்கொட்டானுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, சின்ன வயதில் உனக்கு நாங்கள் வைத்த பட்டம்தானே. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பாய். மடத்தில் சேர்ந்தபோது, 'இவளுக்கென்ன, அங்க போயும் இதேதானே பண்ணப் போறா' என்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே உடம்புக்குக் குறைவில்லை, தலைதான் வெடிக்கிறது.

நீ சொன்னபடியே உட்கார்ந்தேன். முதுகை நேராக வைத்தேன். 'இயேசுவே' என்றேன். உடனே வாஷிங் மெஷினில் துணி கிடப்பது ஞாபகம் வந்தது. சண்டை போடவில்லை, எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி 'இயேசுவே' என்றேன். மாடிவீட்டுக்காரர்கள் ஏன் நம் கொடியில் துணி போடுகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்தது. வாதம் முடிந்து தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன். எதையும் கேட்காதே என்கிறாய். கேட்காமல் இருந்தால் அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை? விசாரணை ஜன்னலுக்கு வந்துவிட்டு யாராவது ஒன்றும் கேட்காமல் நிற்பார்களா?

ஆனால் இதில் ஒரு காரியம் நடந்தது, கேள். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். 'பாட்டு, செபம் இதெல்லாம் வாய் பழகினது. சில பேருக்கு அதுதான் முதல்ல வரும்' என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு மண்டையில் பல்ப் எரிந்தது. என் வாயில் நிற்காத வார்த்தையை அவர் வாயில் போட்டால் என்ன? அன்றைக்கே அட்டையெல்லாம் ஓரம் கட்டினேன். காலையில் பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, நடக்கும்போது, 'சொல்லுங்க, இயேசுவே. சொல்லுங்க, இயேசுவே' என்று அவர் பின்னாலேயே திரிந்தேன். அந்த மனுஷன் என்னிடமிருந்து தப்பிக்கத்தான் வேகமாக நடக்கப் பழகினார் என்று நினைக்கிறேன்.

நேற்று முகம் துடைத்துவிட்டேன். துண்டை எடுத்ததும் என்னைப் பார்த்து, 'ஏசுவே' என்றார். தெளிவாக! நான் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 'இன்னொரு தடவ சொல்லுங்க' என்றேன். 'ஏசுவே' என்றார். அவரும் அழுதார், நானும் அழுதேன்.

உன் மடத்துக்காரர்கள் எல்லோருக்கும் சொல். நீ சொன்ன வார்த்தை பலித்துவிட்டது. அடுத்தது வாயாடிதான்.

உன்
அக்கா


மார்ச் 4

என் அன்பு அக்காவுக்கு,

எல்லாம் வல்லவருக்கு நன்றி. நான் நலம்.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு அறையில் உரக்க வாசித்தார். வழக்கு நடந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மௌனம் காக்க வேண்டிய வேளை என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வயதான சிஸ்டர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. துண்டு வரும் இடத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

இத்தனை வார்த்தைகள் இருக்க, அந்த ஒரு வார்த்தை அத்தான் வாயில் வந்தது வரம். எனக்கும் சேர்த்து அவரே சொல்லட்டும்.

இந்த மாதம் அப்ப வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

இறைவனில் உன்
தங்கை


மார்ச் 29

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயாவது நன்றாக இரு.

வரம் என்று எழுதினாயே, அந்த வரத்தின் லட்சணத்தைக் கேள். உன் அத்தானுக்கு இப்போது அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. தண்ணீர் வேண்டுமா, 'ஏசுவே'. மின்விசிறியை நிறுத்தணுமா, 'ஏசுவே'. சாப்பாட்டில் உப்பு இல்லையா, தட்டைத் தள்ளிவிட்டு, 'ஏசுவே!' தம்ளர் படத்தைக் காட்டினால் 'ஏசுவே', கரண்டி படத்தைக் காட்டினால் 'ஏசுவே'. முன்பாவது 'ம்' என்றும் 'ம்ம்' என்றும் இரண்டு இருந்தது. இப்போது அதுவும் போச்சு. தப்பு என்று அவருக்கே தெரிகிறது. வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறக்கிறார், இது வந்து விழுகிறது. கையை ஓங்கித் தொடையில் அடித்துக்கொள்கிறார்.

பயிற்சிக்கார அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. 'ஒரே வார்த்தைய விடாம சொல்ல வெச்சிருக்கீங்க. இப்ப எதைச் சொல்லப் போனாலும் அதே தடத்துல போய் விழுது. கொஞ்ச நாள் எதையும் சொல்லச் சொல்லிக் கேக்காதீங்க' என்றார். நீயும் கேட்காதே என்கிறாய், அவரும் கேட்காதே என்கிறார். கேட்காமலே இருக்க நான் என்ன மரமா?

இதற்கு நடுவில் கோவில்காரர்கள் வேறு. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. பேச்சு போன மனுஷன் ஆண்டவர் பெயரை மட்டும் சொல்கிறாராம், புனிதர் ஆகிவிட்டாராம். செபக்குழு முழுக்க வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் குவித்துவிட்டு, முன்னறையில் முழந்தாளிட்டார்கள். நடுவில் இவர். 'ஏசுவே' என்றார். 'ஆமென்' என்றார்கள். இன்னும் சத்தமாக, 'ஏசுவே!' என்றார். செபக்குழுத் தலைவி கண்ணீர் விட்டார். மூன்றாவது தடவை இவர் முகம் சிவந்து கத்தியபோது எல்லோரும் கைகளை விரித்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். 'அய்யோ, அவருக்கு ஒண்ணுக்கு வருதுங்க! வழி விடுங்க!' என்று நான் கத்தினேன். என்னை ஏதோ பிசாசைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

உன் வார்த்தையால் வந்த வினை இது. அங்கே நாலு சுவருக்குள், யாருக்கும் மூத்திரம் துடைக்காமல், யாரும் உன்னைப் பார்த்துக் கத்தாமல், சும்மா இருப்பது சுலபம். அந்த அமைதியை எனக்கு இனிமேல் அனுப்பாதே. வைக்க இடமில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இந்த மாதக் கடிதம் வரவில்லை. தபால்காரரை இரண்டு முறை நிறுத்தி வைத்துக் கேட்டேன். மூன்றாவது முறை அவர் சைக்கிளை எதிர்ப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன கடிதத்தில் கொஞ்சம் காரம் தூக்கலாகப் போய்விட்டது. என் வாய் உனக்குத் தெரியாததா? எழுதினது எழுதினதுதான். ஆனால் அதற்காக நீ எழுதாமல் இருக்காதே.

இங்கே புதுத் தலைவலி. கோவில் உபதேசியார் வந்து, பெரிய செபக் கூட்டத்தில் உன் அத்தானை மேடையில் உட்கார வைக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 'சாட்சியா இருக்கும்மா' என்றார். 'எதுக்குச் சாட்சி? நான் தப்பா சொல்லிக் கொடுத்ததுக்கா?' என்றேன். 'விசுவாசம் இல்லாம பேசாதீங்க' என்றார். கதவைச் சாத்திவிட்டேன். மெதுவாகச் சாத்தவில்லை. உள்ளே இவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பக்க வாய் மட்டும் போகிற சிரிப்பு.

எழுது.

உன்
அக்கா


மே 10

மரியாதைக்குரிய சகோதரிக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் நலம் பெற எங்கள் செபங்கள்.

உங்கள் தங்கையின் உடல்நிலை நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். சில காலம் கடிதம் எழுதாமல் இருக்க அனுமதி கேட்டார், கொடுத்திருக்கிறேன். அப்பம் சுடும் அறையிலிருந்து அவரைத் தோட்டத்துக்கு மாற்றியிருக்கிறேன். காரணத்தை அவரே சொல்வதுதான் முறை. 'அக்காவுக்கு நலம் என்று எழுதிவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். உடல் நலம் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்கள் வந்துகொண்டிருக்கட்டும். அவர் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

அன்புடன்,
மடத்துத் தலைவி


மே 24

அடி ஊமைக்கொட்டானே,

உடம்பு நன்றாக இருக்கிறது என்று மதர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் எது நன்றாக இல்லை? நான் விசாரணை ஜன்னல்காரி. நேரே கேட்டுவிடுவேன். என் கடிதம் காயப்படுத்திவிட்டதா? இல்லை, அதற்கு முன்னாலேயே ஏதாவதா? உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எங்களைப் பற்றி இருக்கிறது, அப்பத்தைப் பற்றி இருக்கிறது, உன்னைப் பற்றி 'நலம்' மட்டும்தான் இருக்கிறது. ஒருவர் எல்லாக் கேள்விக்கும் ஒரே வார்த்தையைப் பதிலாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்கு வீட்டிலேயே பாடம் நடக்கிறது.

அதைத்தான் எழுத வந்தேன். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சும்மா இல்லை, காற்று மட்டும்தான் வந்தது. மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் பயணிகள் சிரிப்பார்கள் என்று மேலதிகாரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டாக்டர், 'ஒரு வார்த்தைகூடப் பேசாதீங்க, கிசுகிசுக்கவும் கூடாது' என்றார். கொடுமையைப் பார். இரண்டு பேரும் எதிரெதிர் நாற்காலியில், இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சொல்லித் தர வாய் இல்லை, திருத்த வாய் இல்லை, செபிக்கவும் எனக்கு மூட் இல்லை. அவர் பேசுவதைக் கேட்பதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போனது.

அப்போதுதான் தெரிந்தது, அது ஒரு வார்த்தை இல்லை. தண்ணீருக்கான 'ஏசுவே' சின்னது, கடைசியில் தொண்டைக்குள் இறங்கிவிடும். கழிப்பறைக்கு இரண்டு தடவை, அவசரமாக வரும். உப்பு இல்லாததற்கு மூக்கிலிருந்து வருகிறது. வெளியே பஸ் போகும் சத்தம் கேட்டால் ஒன்று சொல்வார், அது யாருக்கும் இல்லை, அவருக்கே. அந்த வார்த்தை வந்த நாளிலிருந்தே அவர் வேண்டியதை ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டு, 'அப்படிச் சொல்லாதீங்க, இப்படிச் சொல்லுங்க' என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் வாயைத் திறந்ததும் தம்ளரை நீட்டுகிறேன். தொடையில் அடித்துக்கொள்வது நின்றுவிட்டது.

இதனால் எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீருக்கு ஒன்று இருக்கிறது, உப்புக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்று இல்லை. எத்தனை கேட்டும் அதில் வாயாடி என்று ஒன்று காதில் விழவில்லை.

குரல் பாதி திரும்பிவிட்டது. நீ உன்னுடையதைச் சொல். நலம் என்று மட்டும் எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
அக்கா


ஜூன் 15

அக்கா,

எனக்கு நலமில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. செபம் போய்விட்டது. இன்று நேற்று இல்லை, அத்தான் விழுவதற்கு வெகுநாள் முன்பே. அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு உட்காருகிறேன், எதிரே சுவர்தான் இருக்கிறது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு ஏதோ இருப்பது தெரிகிறது. நான் அவர்களைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். உனக்கு முறையெல்லாம் எழுதினேனே, எதையும் கேட்காதே என்று. அது ஞானத்தில் எழுதியது இல்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் நானே கேட்பதை விட்டிருந்தேன். அதற்கு அமைதி என்று பெயர் வைத்து உனக்கு அனுப்பினேன்.

நாலு சுவருக்குள் சும்மா இருப்பது சுலபம் என்று நீ எழுதியபோது எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஈரம் ஏறாத தகட்டை வெட்டி வெட்டி ஒரு நாள் வேலை முழுவதையும் தூளாக்கினேன். அதற்குத்தான் தோட்டம்.

தோட்டத்தில்தான் உன் மே மாதக் கடிதத்தைப் படித்தேன். அத்தான் தண்ணீர் கேட்பதைப் படித்தேன். அன்று மாலை மௌன செபத்தில் உட்கார்ந்து, அவர் கேட்கிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். தாகத்துக்குக் கேட்கிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் சொன்னேன். அப்போதும் இல்லை. அதற்கடுத்த நாள் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவாரே, அந்த மாதிரி வந்துவிட்டது. மனதுக்குள் இல்லை அக்கா, வாய்விட்டு. 'இயேசுவே!' என்று கோவில் முழுக்கக் கத்திவிட்டேன். ஒரு சிஸ்டரின் கண்ணாடி கீழே விழுந்தது. மணிக்கயிற்றின் அருகில் இருந்தவர் பயந்துபோய் மணியை அடித்துவிட்டார். நான் எழுந்து ஓடிவிட்டேன்.

மதர் தோட்டத்துக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டே, 'என்ன கேட்ட?' என்றார். நான் அடுத்த குச்சியை எடுத்து நீட்டினேன். 'யோசிச்சுட்டு நாளைக்கும் போய்க் கேளு. கொஞ்சம் மெதுவா' என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் கேட்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆனால் இப்போது சுவரோடு பேசுகிற மாதிரி இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. கை வலிக்கிறது.

அத்தானை அழைத்துக்கொண்டு வா. வரவேற்பறையில் பார்க்க மதர் அனுமதி கொடுத்துவிட்டார். அவர் எப்படிச் சொல்கிறார் என்று நான் என் காதால் கேட்க வேண்டும்.

உன்
ஊமைக்கொட்டான்


ஜூலை 6

என் அன்புத் தங்கச்சிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். உன் முட்டிக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா? மதர் மணக்கிறது என்று சொன்னால், அக்கா கொடுத்தது என்று சொல்.

வரவேற்பறைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததும் உன் அத்தான் 'ஏசுவே' என்றாரே, நீ உடனே, 'இது எது அக்கா?' என்று கேட்டாய். 'எளச்சுப் போயிட்டே'ங்கிறார் என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். அது உண்மையா, நானாகச் சொன்னதா என்று வழியெல்லாம் யோசித்தேன். உண்மைதான். நீ நிஜமாகவே இளைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இந்த மாதம் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் சுவருக்கு வெளியே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் நல்ல பையன். இவர் கையைப் பிடித்து ஏற்றி, முன்பக்க ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தார். நான் கம்பை உள்ளே கொடுத்துவிட்டு, வாசல் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று திரும்பினேன். ஒரு வார்த்தைதான். உன் சாப்பாட்டைக் கவனிக்கச் சொன்னேன், தைலத்தைப் பற்றிச் சொன்னேன், நீ சின்ன வயதில் பால் குடிக்காமல் அடம்பிடித்ததைச் சொன்னேன். அந்த சிஸ்டருக்குப் பேச அனுமதி உண்டுதான், ஆனால் நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. என்னை மறந்துவிட்டு விசில் ஊதிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது.

அப்போது ஜன்னலிலிருந்து வந்தது.

'ஏசுவே... ஏய்!'

முதலில் ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு அதட்டல். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூப்பிட்ட அதே குரல். பாதி வாய்தான், ஆனால் சத்தம் முழுசாக இருந்தது. டிரைவர் அடித்துப் பிடித்துப் பிரேக் போட்டார். வண்டிக்குள் சிலுவை போட்டுக்கொண்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். வாசல் சிஸ்டர் கையைக் கூப்பினார். ஒரு பெரியவர் தொப்பியையே கழற்றிவிட்டார். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக, ஜன்னல் கம்பியை இடது கையால் தட்டிக்கொண்டு.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை மாதம் காத்துக் கிடந்த வார்த்தை இது இல்லையே. அது இனிமேல் வராமலே போகலாம் என்று பயிற்சிக்கார அம்மா சொல்லிவிட்டார். நான் அதற்கு இன்னும் சமாதானமாகவில்லை, ஆவேனா என்றும் தெரியவில்லை. ஆனால் கூப்பிட்டது யாரை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

நீ தட்டுகிறாயே, விடாதே. கை வலித்தால் மற்றக் கையால் தட்டு. உன்னை மறந்துவிட்டு வண்டி நகர்ந்தால், அதட்டி நிறுத்த உள்ளே ஒருவர் இருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததைச் சொல்கிற பழக்கம் என் ஜன்னலில் கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நான், 'இதோ வந்துட்டேங்க!' என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஏறுகிற வரைக்கும் வண்டி நகரவில்லை.

இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். இது தண்ணீர். பேனாவை வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாயாடி